தம்பி மறுபடியும் மாத்திரைக்குப் போய்விட்டான். நாக்கடியில் வைக்கும் மருந்தைக் கொடுக்கலாமா? அப்பா வேண்டாம் என்கிறார்

வியாசை_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெயர், தெரு எதுவும் போடவில்லை, மன்னிக்கவும். எங்கள் ஏரியாவில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கேட்கும். வீடு வியாசர்பாடி. தம்பிக்கு 22 வயது. ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு எண்ணூர் பக்கம் காண்ட்ராக்டில் வேலை பார்த்தான். இரண்டு வருடமாக வலி மாத்திரைப் பழக்கம். தலைவலிக்குப் போடுகிறோமே அது இல்லை, கடுமையான வலிக்குக் கொடுக்கிற, போதையும் தருகிற டாபென்டடால். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை, பிடிபட்ட செய்தி பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது. முதலில் விழுங்கினான், அப்புறம் ஊசிக்குப் போனான். கத்திரி வெயிலில், கரண்ட் இல்லாத ராத்திரியில், முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் படுத்திருந்ததைப் பார்த்துத்தான் அம்மாவுக்குச் சந்தேகமே வந்தது. கையை இழுத்துப் பார்த்தால் முழங்கை மடிப்பில் நரம்பு கறுத்து, தொட்டால் கயிறு மாதிரி தடிப்பாக இருந்தது.

போன வருடம் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் வைத்தோம். என் வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வரும்போது நாலு கிலோ ஏறி, முகம் தெளிந்து, மாப்பிள்ளை மாதிரி வந்தான். நாலு மாதம் ஒன்றுமே இல்லை. காலையில் பந்து விளையாடக்கூட மைதானத்துக்குப் போக ஆரம்பித்தான். அப்புறம் ஒருநாள் அம்மாவுக்கு பி.பி. மாத்திரை வாங்கப் போனவன் கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாகப் போயிருக்கிறான். முன்னால் அவன் கூட்டாளிகளோடு நின்ற இடம் அந்தப் பக்கம்தான். அன்றைக்கு அங்கே ஒருத்தனும் இல்லையாம். ஆனால் இறக்கத்தில் இறங்கும்போதே கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், வயிற்றைப் பிசைந்ததாம். நாலு மாதம் கழித்து! அன்று சாயங்காலமே போட்டுவிட்டான்.

நான் கத்தினேன், அழுதேன். அவன் சொன்னது ஒன்றுதான் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது: "அதுல இப்ப சுகம்னு ஒண்ணும் இல்லக்கா. போட்டா சும்மா மனுஷனா இருக்கேன், அவ்ளோதான். ஆனா கால் தானா போவுது."

இந்தத் தடவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் புப்ரினார்ஃபின் என்று ஒரு மாத்திரை, தினமும் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், ஒரு வருடமாவது தொடர வேண்டும், அதற்கு மேலும் ஆகலாம் என்கிறார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி ரிட்டயர் ஆனவர், ஐம்பது வயதில் பீடியை ஒரே நாளில் விட்டவர். "ஒரு சனியன விட்டு இன்னொரு சனியனப் புடிக்கிறதுக்கு டாக்டர் எதுக்கு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். என் கேள்வி இதுதான்: சுகமே இல்லாதபோது ஏன் போகிறான்? இது திமிரா, நோயா? அந்த மாத்திரை ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?

---

கல்மண்டபம்_கடல்காற்று எழுதியது:

தங்கச்சி, முதலில் உன் தம்பியை அடிக்காதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லும்மா. எழுதவில்லை என்றாலும் அடி விழுந்திருக்கும் என்று தெரியும்.

நான் மாத்திரை ஆள் இல்லை, சரக்கு. காசிமேட்டில் விசைப்படகில் இருந்தேன். குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. "கால் தானா போவுது" என்று அவன் சொன்னதை அப்படியே நம்பு. எனக்குக் கால் இல்லை, கை. கரைக்கு வந்து, ஏலம் முடிந்து, பங்குக் காசு கைக்கு வந்த அந்த நிமிஷம் நாக்கு வறண்டுபோகும். பசி இருக்காது, தூக்கம் இருக்காது, காசு ஈரமாக இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிடுவேன். கடலில் பத்து நாள் இருந்தால் நினைப்பே வராது, அதுதான் வேடிக்கை. டாக்டர் ஆயிரம் சொன்னார், கடைசியில் உருப்படியாக வேலை செய்தது என் வீட்டுக்காரி கண்டுபிடித்த வழிதான்: பங்குக் காசை முதலாளியிடமிருந்து நேராக அவளே வாங்கிக்கொள்வாள். முதல் வருடம் ஊரே சிரித்தது, பெண்டாட்டி பையில் காசு வைக்கிறான் என்று. சிரிக்கட்டும்.

அப்புறம் சாவு வீடு. நம்ம பக்கம் சாவு என்றால் மேளம், பட்டாசு, ஆட்டம், கூடவே பாட்டில். இரண்டு வருடம் எந்தச் சாவுக்கும் ராத்திரி போகவில்லை. சொந்த சித்தப்பாவுக்கே மறுநாள் காலையில் மாலையோடு போய் நின்றேன். பேச்சு வாங்கினேன்.

குடியை நிறுத்துகிற வேறு யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன், தினமும் நிறையக் குடிக்கிற ஆள் வீட்டில் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் தடவை வீராப்பாக நிறுத்தினேன். மறுநாள் வலிப்பு, மூன்றாம் நாள் சுவர் முழுக்க எறும்பு ஊர்வதைப் பார்த்தேன், இல்லாத எறும்பு. இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாள் வரை ஆள் போய்ச் சேரவே வாய்ப்பு உண்டு என்று அப்புறம்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசியும் வைட்டமின் பி1-ம் போட்டு இறக்குவார்கள்.

கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருக்குமே, "நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று, அந்த வேலையும் வேண்டாம். எனக்கு டாக்டர் சொல்லி, நான் கையெழுத்துப் போட்டுத்தான், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிரம் மாத்திரையை ஆரம்பித்தார்கள். அது உள்ளே இருக்கும்போது ஒரு குவார்ட்டர் போட்டுப் பார்த்தேன், சோதனை பண்ணுகிறாராம் துரை. முகம் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து, நெஞ்சு தம் தம் என்று அடித்து, அன்றைக்கே கடைசி என்று நினைத்தேன். தெரிந்து சாப்பிட்ட எனக்கே அந்தக் கதி, தெரியாமல் குழம்பில் கலந்து இதயம் பலவீனமான ஆளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

வீட்டுக்காரி அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனைக்குப் போய்க் குடும்பத்தாருக்கான வகுப்பில் உட்கார்ந்தாள். 1980-இல் சாந்தி ரங்கநாதன் ஆரம்பித்தது, குடியால் கணவரைப் பறிகொடுத்த அம்மா அவர். அங்கே போய் வந்த பிறகுதான் அவள் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டு கணக்கு கேட்க ஆரம்பித்தாள். நீயும் போய் உட்காரும்மா, தம்பி வந்தாலும் வராவிட்டாலும்.

---

நேர்ப்பேச்சு எழுதியது:

எல்லோரும் தடவிக் கொடுக்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். அந்த அப்பா சொன்னதில் என்ன தப்பு? எங்கள் கொருக்குப்பேட்டையில் இந்தப் பையன்கள் அம்மா தாலியை அறுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். அப்போது மட்டும் மூளை நன்றாக வேலை செய்கிறது, யார் கழுத்தில் என்ன இருக்கிறது, எந்த நேரத்தில் தூங்குவாள் எல்லாம் தெரிகிறது. பிடிபட்டால் மட்டும் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம், நோய், பாவம். மனசு வைத்தால் விடலாம். பீடியை விடவில்லையா அந்தப் பெரியவர்?

---

பெரம்பூர்_லோகோ எழுதியது:

நான் மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் மேற்படிப்பு படிக்கிறேன். நேர்ப்பேச்சு அண்ணனுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் அக்காவின் கேள்வி.

அந்தக் கொட்டாவி இருக்கிறதே, அதை ஏறக்குறைய எண்பது வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் கவனித்துவிட்டார். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில், போதைக்கு அடிமையானவர்களுக்காகவே அரசாங்கம் 1935-இல் பெரிய இடம் ஒன்றைத் திறந்தது, பாதி ஜெயில் பாதி ஆஸ்பத்திரி. அங்கே ஆபிரகாம் விக்லர் என்ற டாக்டர் 1940-களில் பார்த்தது இது: மாதக்கணக்கில் போதையைத் தொடாமல் இருந்தவர்கள், வட்டமாக உட்கார்ந்து பழைய கதை பேச ஆரம்பித்ததும் கொட்டாவி விட்டார்கள், கண்ணும் மூக்கும் ஒழுகியது, அதாவது அன்றுதான் மருந்தை நிறுத்திய ஆள் மாதிரி. உடம்பு இடத்தையும் பேச்சையும் போதையோடு சேர்த்துப் படித்து வைத்திருக்கிறது. இல்லத்தின் நாலு சுவருக்குள் அந்தப் பாடம் அழியாது, ஏனென்றால் அந்தச் சுவருக்குள் சுரங்கப்பாதை கிடையாது. அதனால் அங்கே மூன்று மாதம் அவன் நன்றாக இருந்ததும் நிஜம், வெளியே வந்து விழுந்ததும் நிஜம்.

இப்போது "சுகமே இல்லை, ஆனால் கால் போகிறது". இது உங்கள் தம்பி கண்டுபிடித்த சாக்கு அல்ல அக்கா, ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சேர ரொம்ப நாள் எடுத்துக்கொண்ட இடம். 1954-இல் மான்ட்ரியாலில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் கம்பி வைத்து, நெம்புகோலை அமுக்கினால் லேசாக மின்சாரம் பாய்கிற மாதிரி செய்தார்கள். எலி விடாமல் அமுக்கித் தள்ளியது. உடனே எல்லோரும், இதுதான் இன்பம் பிறக்கும் இடம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். டோபமைன் என்றால் சந்தோஷ ரசாயனம் என்று இன்றைக்கும் ரீல்ஸ் போடுகிறார்களே, அந்தக் கதை இங்கிருந்து கிளம்பியதுதான்.

ஆனால் மிச்சிகனில் கென்ட் பெரிட்ஜ் என்பவர், டோபமைனை ஏறக்குறைய முழுவதும் இழந்த எலிகளின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டுப் பார்த்தார். அவை மற்ற எலிகள் மாதிரியே ருசித்து உதட்டை நக்கின. ருசி எங்கும் போகவில்லை. ஆனால் முன்னால் சாப்பாட்டை வைத்தால் எழுந்து போய்ச் சாப்பிடாது, பட்டினி கிடக்கும். ஆக, பிடிப்பது ஒரு வேலை, வேண்டும் என்று துடிப்பது வேறு வேலை, டோபமைன் இரண்டாவதுக்குத்தான் ஆள். போதை பழகப் பழகப் பிடிப்பது தேய்கிறது, துடிப்பது ஏறுகிறது. உங்கள் தம்பி இரண்டு வரியில் சொன்னது இதைத்தான்.

இன்னும் ஒன்று. பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ சாப்பிட்டிருப்பீர்கள். முதல் தடவை போகிறவனுக்கு வாயில் வைத்த பிறகுதான் விஷயம் தெரியும். பத்து தடவை போனவனுக்குப் பூண்டு எண்ணெய் வாசனையும் தட்டைத் தட்டுகிற சத்தமும் போதும், ரோட்டைத் தாண்டும்போதே எச்சில் ஊறும். வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்பவர் 1990-களில் குரங்குகளின் டோபமைன் செல்களில் நேரடியாக இதை அளந்தார். முதலில் பழச்சாறு வாயில் விழும்போது அந்தச் செல்கள் படபடத்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு விளக்குக்கே படபடத்தன, சாறு வரும்போது சும்மா இருந்தன. விளக்கு எரிந்து சாறு வராமல் போனால், சரியாக அந்த நேரத்தில் சாதாரண அளவுக்கும் கீழே இறங்கின. கடை மூடியிருந்தால் நமக்கு வரும் கடுப்பு! எதிர்பார்த்ததைவிடக் கூடவா குறைவா என்று கணக்குப் பார்க்கிற குமாஸ்தா அது.

சாப்பாட்டில் இந்தக் கணக்கு ஒரு கட்டத்தில் நேராகிவிடும், அத்தோ எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரிந்துவிட்டால் குமாஸ்தா பேனாவை மூடிவிடுவார். டாபென்டடால், ஹெராயின், மார்ஃபின் வகையறாக்கள் என்ன செய்கின்றன என்றால், நடுமூளையில் அந்த டோபமைன் செல்களுக்குப் பிரேக் போட்டுக்கொண்டிருக்கிற பக்கத்துச் செல்களை மயக்கிவிடுகின்றன. பிரேக் விட்டுப்போனதும் டோபமைன் தானாகக் கொட்டும், ருசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் "எதிர்பார்த்ததைவிட அதிகம்" என்றே எழுதிக்கொண்டு போவார். சுரங்கப்பாதை, ஊசி உறை, ஒருத்தனுடைய விசில், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அதே குறிப்பு.

நேர்ப்பேச்சு அண்ணா, உங்களுக்கு எங்கள் தெருவில் உள்ள ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கதையைச் சொல்கிறேன். 67 வயது, ஒரு சீட்டுக்கட்டைத் தொட்டதில்லை, நெற்றியில் விபூதி, பாக்கெட்டில் கணக்கு நோட்டு. பார்க்கின்சன் வந்து கை நடுங்கியது. பிராமிபெக்சால் மாத்திரை கொடுத்தார்கள், டோபமைன் மாதிரி நடிக்கிற மருந்து அது. நடுக்கம் குறைந்தது. ஆறு மாதத்தில் மனுஷன் ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு ஆன்லைன் ரம்மி ஆடினார். பென்ஷன் பணம் போயிற்று, பேத்தியின் ஃபீஸ் போயிற்று, பொய் சொன்னார், எப்போது யார் தூங்குவார்கள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. இந்த வகை மருந்துகளில் சிலருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர்களுக்குத் தெரியும், மருந்தை மெதுவாகக் குறைத்து வேறு கொடுத்தார்கள். ஆட்டம் நின்றுவிட்டது. ஆறு மாதம் மட்டும் அவருக்கு மன உறுதி எங்கே போயிருந்தது, சொல்லுங்கள்.

---

நேர்ப்பேச்சு எழுதியது:

வாத்தியார் கதை சரி, அது மருந்தின் தப்பு. நானும் கொஞ்சம் படித்தவன்தான். வியட்நாம் போரில் அமெரிக்க சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஹெராயின் போட்டார்கள், ஊருக்குத் திரும்பியதும் பெரும்பாலானவர்கள் எந்த மருந்தும் இல்லாமல் விட்டுவிட்டார்கள். மூளை கெட்டுவிட்டது என்றால் அவர்கள் எப்படி விட்டார்கள்?

---

பெரம்பூர்_லோகோ எழுதியது:

நல்ல கேள்வி, உண்மையான தகவலும்கூட. லீ ராபின்ஸ் என்ற அம்மையார் 1970-களில் அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார். சாதாரண சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகியிருந்தார்கள். அப்படி அடிமையானவர்களில் திரும்பி வந்த முதல் வருடத்தில் மறுபடியும் விழுந்தவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஆனால் அண்ணா, அவர்களுடைய சுரங்கப்பாதை எங்கே இருந்தது? வியட்நாமில், சைகோன் நகரத்தில். விமானம் ஏறியதும் இடம், கூட்டாளி, பயம், விலை, வெயில் எல்லாமே மாறிவிட்டது. லெக்சிங்டனில் இருந்தவர்கள் கிளம்பி வந்த அதே தெருவுக்குத் திரும்பினார்கள், பெரும்பாலும் மறுபடி விழுந்தார்கள். வியாசர்பாடிப் பையனுக்கு ஏறிப் போக அப்படி ஒரு விமானம் இல்லை.

பையனுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்த வழியாக நடப்பது என்பதை அவன் வீட்டிலேயே, தலை தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்யலாம். அங்கே மன உறுதி நன்றாக வேலை செய்யும். சுரங்கப்பாதையின் இறக்கத்தில் நின்றுகொண்டு அதைத் தேடினால் கிடைக்காது.

---

கல்மண்டபம்_கடல்காற்று எழுதியது:

ஊர் மாற்றலாமே என்று யாராவது சொல்வார்கள், அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் அக்கா மகனை ஆரணிப் பக்கம் தறி வேலைக்கு அனுப்பினோம். எட்டு மாதம் தங்கமாக இருந்தான். காணும் பொங்கலுக்கு வந்தான், ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் போட்டுவிட்டான். உயிர் பிழைத்தது பக்கத்தில் ஆள் இருந்ததால்தான். எவ்வளவு நாள் ஊர் மாற்றி வைத்தாலும் திரும்பி வரும் நாளுக்கு ஒரு ஏற்பாடு வேண்டும்.

---

நைட்_டூட்டி எழுதியது:

கடல்காற்று அண்ணன் கடைசியில் சொன்னதுதான் எனக்கு முக்கியம். நான் நர்ஸ், போதை மீட்பு வார்டில் பல வருடம். டூட்டிக்கு நடுவில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாசை அக்கா, உங்கள் தம்பிக்கு இப்போது இருக்கும் பெரிய ஆபத்து மறுபடி பழகியது அல்ல, நாலு மாதம் நிறுத்தியிருந்து பழகியது. நிறுத்தியிருந்த காலத்தில் உடம்பு தாங்கும் சக்தி இறங்கிவிடும். கை மட்டும் பழைய அளவை மறக்காது. மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் நிறையப் பேர் போய்விடுகிறார்கள், மூச்சு மெதுவாகி நின்று. கூடவே தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். குறட்டை மாதிரி களகளவென்று சத்தம், உதடு நீலம், கண்மணி ஊசிமுனை, தட்டினாலும் எழவில்லை, இப்படி இருந்தால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாலாக்ஸோன் என்று ஊசி இருக்கிறது, நேரத்துக்குப் போட்டால் நிமிஷத்தில் மூச்சு திரும்பும்.

இப்போது அப்பாவின் கேள்வி. அவரை மதித்தே பதில் சொல்கிறேன், இதைக் கேட்காத அப்பா எங்கள் வார்டில் இல்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, புப்ரினார்ஃபின் அந்த மாதிரி ஆள். மூளையில் டாபென்டடால் போய் உட்காருகிற அதே சீட்டில் முதலில் போய்த் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொள்ளும், லேசில் எழுந்திருக்காது. பின்னால் வருகிறவன் ஏறினாலும் நிற்கத்தான் வேண்டும். உட்கார்ந்திருக்கும் இந்த ஆளும் அமைதியானவர். அரைகுறையாகத்தான் வேலை செய்வார், ஓர் அளவுக்கு மேல் மாத்திரையைக் கூட்டினாலும் ஆட்டம் கூடாது. அதனால் போதை இறங்கும்போது வருகிற உடம்பு முறுக்கல் இருக்காது, கொட்டாவி வராது, தலை சுற்றாமல் வேலைக்குப் போகலாம். டாபென்டடால் நாலைந்து மணி நேரத்தில் இறங்கி ஆளை மறுபடி தெருவுக்கு விரட்டும். இது ஒரு நாளைக்கும் மேல் தாங்கும். ஏறி இறங்கி ஏறி இறங்கிக் குமாஸ்தா எழுதுகிற கணக்கை (லோகோ தம்பி நன்றாகச் சொன்னார்) நிறுத்தி வைப்பதுதான் இதன் வேலை. மாத்திரையில் நாலாக்ஸோனையும் சேர்த்து வருகிறது. நாக்கடியில் வைத்தால் அந்தப் பகுதி ஒன்றும் செய்யாது, கரைத்து ஊசியில் ஏற்றினால் முறுக்கி எடுத்துவிடும்.

இதைச் சாப்பிடுகிற ஆளுக்கு இது பழகாதா? பழகும். சட்டென்று நிறுத்தினால் உடம்பு வலிக்கும். அது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் திருடாமல், ஊசி இல்லாமல், மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் வாங்காமல் காலையில் ஒரு மாத்திரை என்றால் அதை நான் போதை என்று சொல்ல மாட்டேன். மாத்திரை குத்துவதற்குச் செய்தது அல்ல, அதில் உள்ள மாவுப்பொருள் நரம்பிலும் நுரையீரலிலும் போய் அடைக்கிறது. அந்தக் கயிறு மாதிரி தடிப்பு அதுதான். புப்ரினார்ஃபின் சாப்பிடும் காலத்தில் சாவு குறைகிறது, பாதியில் நிறுத்தினால் மறுபடி ஏறுகிறது. அதனால் மூன்று மாதம் ஆயிற்றே, போதுமே என்று வீட்டார் சொல்லி நிறுத்தக் கூடாது. குறைப்பதும் நிறுத்துவதும் அவனும் டாக்டரும் பேசி, மெதுவாக.

ஆரம்பிக்கிற நாளில் ஒரு விஷயம் மிக முக்கியம். டாபென்டடால் உள்ளே இருக்கும்போதே இதை வைத்தால் சீட்டில் இருப்பவனை இழுத்துத் தள்ளிவிடும், அரை மணியில் எல்லா முறுக்கலும் ஒன்றாக வரும். பையன் அலறுவான், "இந்த மருந்தே எனக்கு ஒத்துக்காது" என்று ஓடிவிடுவான். உடம்பு முறுக்க ஆரம்பித்த பிறகுதான் முதல் மாத்திரை. எத்தனை மணிக்குக் கடைசியாகப் போட்டான் என்று பொய் சொல்லாமல் சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு நாலு மணி நேரத்தைக் கூட்டிச் சொன்ன பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கே போவது என்று கேட்கும் மற்றவர்களுக்கு: வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அயனாவரம் மேடவாக்கம் குளச்சாலையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 1794-இல் ஆரம்பித்த இடம், பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். போனில் பேச 14446 போதை மீட்புக்கு, 14416 மனநலத்துக்கு, இரண்டும் காசு இல்லை. தனியார் இல்லம் என்றால் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், டாக்டர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறார் என்று கேளுங்கள். 2017 மனநலச் சட்டத்தில் சங்கிலி போடுவது எந்த வடிவிலும் கூடாது. போலீஸுக்குப் பயந்து மறைப்பவர்களுக்கு: தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சைக்கு வரும் ஆளை, போதைப் பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கிலிருந்து காக்கும் பிரிவு என்.டி.பி.எஸ். என்கிற போதைப் பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று இருக்கிறது, ஆனால் சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். பெல் அடிக்கிறது, வருகிறேன்.

---

நேர்ப்பேச்சு எழுதியது:

நர்ஸ் அம்மா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், பாதி. மற்றபடி தாலியை அறுத்தவன் மேல் எனக்குள்ள கோபம் குறையவில்லை, குறைய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த அம்மா எங்கள் பக்கத்து வீடு. இந்தப் பையன் நன்றாக வரட்டும்.

---

வியாசை_அக்கா எழுதியது:

எட்டு நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, தனித்தனியாக எழுத முடியவில்லை.

நர்ஸ் அக்கா எழுதியதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். துண்டு கதை மட்டும் அவருக்குப் பிடித்தது, "ஜன்னல் சீட்டா" என்று கேட்டார். சிரிக்கவில்லை, ஆனால் கேட்டார். ஞாயிறு மத்தியானம் தம்பி கடைசியாகப் போட்ட நேரத்தைச் சொன்னான், நான் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தேன். அன்று ராத்திரி கொடுமை. கால் உதைத்துக்கொண்டே இருந்தது, வேர்த்து ஊற்றியது, கையில் மயிர் எல்லாம் கோழித் தோல் மாதிரி நின்றது. ரெண்டு தடவை கதவுப் பக்கம் போனான். அப்பா கதவை ஒட்டிப் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார், ஒரு வார்த்தை திட்டவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்டோ பிடித்தோம். ஆட்டோக்காரரிடம் சுரங்கப்பாதை வேண்டாம், சுற்றிப் போங்கள் என்று தம்பியே சொன்னான். அறுபது ரூபாய் அதிகம்.

அங்கே பார்த்துவிட்டு முதல் மாத்திரை வைத்தார்கள், ஒரு மணி நேரத்தில் அவன் கால் நின்றது. இட்லி கேட்டான். இப்போது தினமும் காலையில் அப்பாதான் கூட்டிப் போகிறார். இன்னமும் அது சனியன்தான் அவருக்கு, ஆனால் மணி தவறுவதில்லை.

ஒரே ஒரு சந்தேகம். மாத்திரை கரைய நேரம் ஆகிறது, கசப்பு தாங்காமல் எச்சிலை விழுங்கிவிடுகிறான். பரவாயில்லையா? வெளியே வந்ததும் டீ குடிக்கலாமா?

---

நைட்_டூட்டி எழுதியது:

எச்சிலை முடிந்தவரை விழுங்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், வயிற்றுக்குப் போனால் மருந்து வீண், நாக்கடி வழியாகத்தான் அது உள்ளே போக வேண்டும். பேசவும் வேண்டாம். முழுதாகக் கரைந்த பிறகு தண்ணீரை வாயில் நன்றாகச் சுழற்றி விழுங்கட்டும், அப்புறம் டீ தாராளமாக. பல் மட்டும் ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கட்டும், இந்த மாத்திரை பல்லைக் கெடுக்கும், அதற்குத்தான். வைப்பதற்கு முன்னால் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து வாயை ஈரமாக்கிக்கொண்டால் சீக்கிரம் கரையும்.